உறவுமுறை சொல்லி வரும் பேய்: தமிழ் அமானுஷ்யத் தொடர்களை ஓவேலியிலிருந்து வாசித்தல்

1. இருட்டும் தொலைக்காட்சியும்

நீலகிரியின் கூடலூரிலிருந்து ஓவேலிக்குப் போகும் சாலையில் பொழுது சாய்ந்த பிறகு தனியாக நடப்பவர்கள் குறைவு. சூண்டி, பார்வுட், எல்லமலை, பெரியசோலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலையும் காடும் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன. யானை எந்த வளைவில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. யானை தாக்கி உயிரிழந்தவர்களின் செய்தி ஓவேலிப் பேரூராட்சிக்குப் புதிதல்ல. ஆகவே இரவு வந்துவிட்டால் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக் கதவுகள் சாத்தப்படுகின்றன. உள்ளே தொலைக்காட்சி ஓடுகிறது. வெளியே நிஜமான பயம் ஒன்று நடமாடும்போது, வீட்டுக்குள் திரையில் பேயும் சாமியும் நடமாடுகின்றன.

ஓவேலி என்ற பெயரே ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியின் பெயரிலிருந்து வந்தது. 1840களில் நிலம்பூர் திருமுல்பாடுகளிடம் நிலத்தைக் குத்தகைக்கு வாங்கிக் காப்பித் தோட்டம் போட்ட ஜேம்ஸ் அவுக்டர்லோனியின் பெயரால் இது அவுக்டர்லோனி பள்ளத்தாக்கு எனப்பட்டது. அந்தப் பெயர் சுருங்கித் தேய்ந்து ஓவேலியாக நிலைத்துவிட்டது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் முதலிய பழங்குடிகளும் செட்டிமார்களும் வாழ்ந்த இந்த வட்டாரத்துக்கு மலையாளிகளும், சமவெளித் தமிழரும், 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரும் வந்து சேர்ந்தார்கள். வந்த ஒவ்வொரு கூட்டமும் தன் சாமியையும் கூட்டிக்கொண்டே வந்தது. மரத்தடியில் கல்லை நட்டு, மஞ்சள் பூசி, முனியாண்டி என்றும் கருப்பசாமி என்றும் மாரியம்மன் என்றும் பெயர் சொல்லிக் கும்பிட்டது. ஊரை விட்டு ஊர் வந்தவர்களுக்குத் தெய்வம் என்பது கூடவே வந்த ஒரு சொந்தம்.

இப்படிப்பட்ட இடத்திலிருந்து பார்க்கும்போது, தமிழ்த் தொலைக்காட்சியின் அமானுஷ்யத் தொடர்களைப் பற்றி ஒரு கேள்வி எழுகிறது. இத்தொடர்களில் வரும் பேயும் தெய்வமும் மந்திரவாதியும் மனிதர்களோடு என்ன உறவில் இருக்கிறார்கள்? யாருக்கு உறவு தரப்படுகிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது? இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. தொடர்களின் முடிவுகளும் இங்கே பேசப்படுகின்றன என்பதை இன்னும் பார்க்காதவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

2. இதுவரை பேசப்பட்டவை

அமானுஷ்யத் தொடர்களைப் பற்றித் தமிழில் இரண்டு வகைப் பேச்சுகள் உண்டு. முதலாவது பகுத்தறிவு நோக்கிலான கண்டனம். இத்தொடர்கள் மூடநம்பிக்கையை வளர்க்கின்றன, பெண்களையும் குழந்தைகளையும் பயமுறுத்துகின்றன, சாமியாடிகளுக்கும் சோதிடர்களுக்கும் விளம்பரம் தருகின்றன என்பது அதன் வாதம். இதில் உண்மை இருக்கிறது. நோய்க்கு மருத்துவரிடம் போகாமல் மந்திரிக்கப் போய் உயிரை இழந்தவர்களைப் பார்த்த சமூகம் இந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட முடியாது.

இரண்டாவது, நினைவேக்கம். 1990களின் பிற்பகுதியில் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று 'மர்ம தேசம்' தொடரின் முகப்பிசையை நினைத்துச் சிலிர்த்துப் பேசுகிறார்கள். வாரத்துக்கு ஒருநாள் தெரு முழுக்க ஒரே சத்தம் கேட்டது என்கிறார்கள். இந்தப் பேச்சும் பொய்யில்லை. ஆனால் சிலிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதை அது ஆராய்வதில்லை.

இந்த இரண்டும் அமானுஷ்யத்தை ஒரே மாதிரிதான் பார்க்கின்றன. அது உண்டா, இல்லையா என்பதே இரண்டுக்கும் கேள்வி. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் வேறொரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களில் வரும் முத்துப்பட்டன், பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போராடி இறந்து தெய்வமானவன். அவனைத் தெய்வமாக்கியது அவன் செய்த அற்புதம் எதுவுமில்லை. சாதி மறுத்த ஒரு திருமணமும், மருமகனாக அவன் ஏற்றுக்கொண்ட கடமையும், அதற்காக அவன் கொடுத்த உயிரும்தான். தமிழகத்தின் காவல் தெய்வங்களில் பலர் இப்படி முறிந்த உறவிலிருந்தோ, தீர்க்கப்படாத கடனிலிருந்தோ பிறந்தவர்கள். தெய்வம் உண்டா என்பதை விட்டுவிட்டு, தெய்வம் யாருக்கு என்ன முறை என்று கேட்டால் புதிய விடைகள் கிடைக்கும்.

3. நீலியின் கையில் கள்ளிக் கொம்பு

இந்த அணுகுமுறைக்குத் தமிழில் மிகப் பழைய சான்று பழையனூர் நீலி. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண், மறுபிறவியில் வணிகனாக வரும் அவனைத் தொடர்கிறாள். பழிவாங்க வந்த பேய் அவன் கழுத்தை நெரித்துக் கதையை அங்கேயே முடித்திருக்கலாம். அவனிடம் ஒரு காப்பு இருப்பதால் நெருங்க முடியவில்லை என்கிறது கதை. அப்போது நீலி செய்யும் காரியத்தைக் கவனிக்க வேண்டும். கள்ளிக் கொம்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். பழையனூர்ப் பெரியவர்களின் சபைக்குப் போகிறாள். 'இவர் என் கணவர், என்னைக் கைவிட்டு ஓடுகிறார்' என்று முறையிடுகிறாள். அந்தக் கள்ளிக் குழந்தை வணிகனைப் பார்த்து அப்பா என்று தாவுகிறது.

சபை நம்பிவிடுகிறது. இவள் பேய் என்று வணிகன் கதறியும் பயனில்லை. உன் உயிருக்கு எங்கள் எழுபது பேர் உயிர் பிணை என்று சபையிலிருந்த வேளாளர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். மறுநாள் காலையில் வணிகன் பிணமாகக் கிடக்க, எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்ந்து இறக்கிறார்கள். பழையனூரை அடுத்த திருவாலங்காட்டில் இன்றும் அவர்கள் நினைவு போற்றப்படுகிறது.

இந்தக் கதையில் நீலியின் பலம் மந்திரத்தில் இல்லை. மனைவி, அப்பா என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. அந்தச் சொற்களை ஊர் மதித்தே ஆக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கொலைகாரக் கணவன், கொல்லப்பட்ட மனைவி, நியாயம் சொல்ல வந்து உயிரை இழந்த நல்லவர்கள் என்று மூன்று தரப்பிலும் ஏதோ ஒரு நியாயம் நிற்கிறது. கேட்பவர் யார் பக்கமும் முழுதாகச் சாய முடியாது. தமிழில் அமானுஷ்யக் கதையின் உறவுச் சிக்கல் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

இதிலிருந்து ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். ஓர் அமானுஷ்யக் கதையில், மனிதருக்கு அப்பாற்பட்ட அந்தப் பாத்திரத்தை யார், என்ன முறை சொல்லி அழைக்கிறார்கள்? அந்தப் பாத்திரம் யாரை முறை சொல்லி அழைக்கிறது? இதை முறைச்சொல் சோதனை எனலாம். கீழே வரும் பகுதிகள் இந்தச் சோதனையைச் சில படைப்புகளின் மேல் வைத்துப் பார்க்கின்றன.

4. விட்டுவிடு, விடாது

மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளை, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் 1990களின் பிற்பாதியில் 'மர்ம தேசம்' என்ற வரிசையாகத் தயாரித்தது. சன் தொலைக்காட்சியில் வந்த அவ்வரிசையின் இரண்டாவது கதை 'விடாது கருப்பு'. இயக்கியவர் நாகா. மூலக்கதையான நாவலின் பெயர் 'விட்டுவிடு கருப்பா'.

இந்த இரண்டு தலைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், தொடரின் உறவுச் சிக்கல் முழுவதும் அதில் இருப்பது தெரியும். 'விட்டுவிடு கருப்பா' என்பது விளி. எதிரில் நிற்கும் ஒருவரை நோக்கி ஒரு மனிதர் கையெடுத்துக் கெஞ்சுகிறார். கெஞ்சினால் இரங்கக்கூடிய ஒருவர் எதிரில் இருக்கிறார் என்று பொருள். 'விடாது கருப்பு' என்பதில் விளியும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அது ஒரு தீர்ப்பு. அதன் வினைமுற்றோ அஃறிணை. கருப்பன் விடமாட்டான் என்று சொல்லவில்லை, கருப்பசாமி விடமாட்டார் என்றும் சொல்லவில்லை. பேச்சுத் தமிழில் குழந்தை அழுதது என்கிறோம், சாமி வந்தது என்கிறோம். மிக நெருக்கமானதும் மிகத் தொலைவானதும் ஒரே அஃறிணை வினையில் அடங்கும் மொழி இது. தொடரின் மையப் பாத்திரமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது: வீட்டுக்குள் இருக்கும் பிள்ளையும், ஊர் நடுங்கும் தெய்வமும் ஒரே உடம்பில்.

கதை தோட்டக்காரமங்கலம் என்னும் கிராமத்தில் நடக்கிறது. குற்றம் செய்தவர்களைக் கருப்பு தண்டிக்கிறது என்பது ஊரின் நம்பிக்கை. இரவில் குதிரைக் குளம்பொலி கேட்கிறது, காலையில் தண்டனை பெற்றவர் கிடக்கிறார். தொடர் இரண்டு காலங்களை மாற்றி மாற்றிச் சொல்கிறது. ஒன்றில் ராஜேந்திரன் சிறுவன் (லோகேஷ்). அவனது உலகில் பாட்டியாக வரும் சி. டி. ராஜகாந்தம் நிறைந்து நிற்கிறார். மற்றதில் ராஜேந்திரன் வளர்ந்தவன் (சேத்தன்), ரத்னாவின் (தேவதர்ஷினி) கணவன். கடைசியில் அவிழும் முடிச்சு: ராஜேந்திரனுக்குள்ளேயே இன்னொரு ஆளுமை இருக்கிறது, அந்த ஆளுமைதான் கருப்பாகப் புறப்படுகிறது.

இந்த முடிவுக்கு இரண்டு வாசிப்புகள் வழக்கத்தில் உண்டு. பிளவாளுமை என்ற மருத்துவ விளக்கம் தெய்வத்தை இல்லாமல் ஆக்கிவிட்டது, ஆகவே இது பகுத்தறிவுத் தொடர் என்பது ஒன்று. தெய்வம் தனக்கு வேண்டிய உடம்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது, மருத்துவம் அதற்கு வேறு பெயர் வைக்கிறது, அவ்வளவுதான் என்பது மற்றொன்று. இரண்டும் ராஜேந்திரனைத் தனி ஆளாகவே பார்க்கின்றன. அவனைச் சுற்றியுள்ள உறவுகளோடு சேர்த்துப் பார்த்தால் மூன்றாவது வாசிப்பு ஒன்று கிடைக்கிறது.

அந்த ஊரில் குற்றம் நடக்கிறது. அதை யாரும் தட்டிக் கேட்பதில்லை. கேட்க வேண்டிய பெரியவர்களும் அதிகாரமும் பொறுப்பைக் கருப்பின் மேல் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். கருப்பு பார்த்துக்கொள்ளும் என்ற வாக்கியம் ஒருபுறம் பக்தி, மறுபுறம் பொறுப்பைக் கைகழுவுதல். அந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்த ஒரு குழந்தை, ஊர் தன் மேல் ஏற்றிக்கொள்ள மறுத்த பொறுப்பைத் தன் மேல் ஏற்றிக்கொள்கிறது. ஊருக்கும் தெய்வத்துக்கும் இடையே இருந்த ஒப்பந்தத்தை ஒரு சிறுவனின் மனம் சுமக்கிறது. இரண்டு காலங்களையும் அருகருகே வைத்துச் சொன்ன நாகாவின் முறைக்கு இதனால்தான் பொருள் வருகிறது. பெரியவன் செய்யும் காரியத்துக்கான காரணம், சிறுவன் கண்ட காட்சிகளில் கிடக்கிறது. பிளவாளுமை என்ற மருத்துவச் சொல் ராஜேந்திரனின் நோய்க்குப் பெயர் வைக்கிறது. ஊரின் நோய்க்கு அந்தத் தொடர் பெயர் வைக்கவில்லை. பார்ப்பவர் கண்டுகொள்ளும்படி விட்டுவிட்டது.

ரத்னாவின் நிலையும் எளிதானதல்ல. தாலி கட்டிய கணவன் ஒருவன், அவனுக்குள் இருந்து எழுவது இன்னொன்று. ஒருவனை நேசிப்பதும் இன்னொன்றுக்கு அஞ்சுவதும் ஒரே வீட்டில், ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறது. சாமியாடிகளின் மனைவிமார்களுக்கு இந்த நிலை புதிதல்ல. திருவிழா நாளில் கணவனின் காலில் விழுந்து திருநீறு வாங்கி, மறுநாள் அவனுக்குச் சோறு பரிமாறும் பெண்கள் தமிழ்க் கிராமங்களில் எங்கும் இருக்கிறார்கள். தொடர் அந்த அனுபவத்தை ஒரு மர்மக் கதைக்குள் கொண்டுவந்து நிறுத்தியது.

முறைச்சொல் சோதனையில் 'விடாது கருப்பு' எளிதாகத் தேறுகிறது. கருப்பு அங்கே ஒருவருக்குப் பேரன், ஒருத்திக்குக் கணவன், ஊருக்குக் காவல்.

5. பாசமுள்ள பேய்

நாகாவே 2010-இல் இயக்கிய 'ஆனந்தபுரத்து வீடு' திரைப்படம் இந்தச் சோதனையை இன்னும் எளிய வடிவில் நடத்திக் காட்டியது. பெற்றோர் விபத்தில் இறந்த பல ஆண்டுகளுக்குப் பின் மகன் பாலா (நந்தா), மனைவியோடும் (சாயா சிங்) வாய் பேசாத சிறு பிள்ளையோடும் பூர்விக வீட்டுக்குத் திரும்புகிறான். வீட்டில் பொருள்கள் தானாக நகர்கின்றன. மனைவி நடுங்குகிறாள். குழந்தையோ சிரிக்கிறது. வீட்டில் இருப்பவை தாத்தா, பாட்டியின் ஆவிகள்.

மருமகளுக்குப் பேய், பேரனுக்குத் தாத்தா பாட்டி. ஒரே இருப்பு, பார்ப்பவரின் முறையைப் பொறுத்துப் பயமாகவும் பாதுகாப்பாகவும் மாறுகிறது. முன்னோரைப் படையலிட்டுக் கும்பிடும் தமிழ் வீடுகளின் மனநிலை இதுதான். இறந்தவர் உறவை விட்டுப் போய்விடவில்லை என்ற நம்பிக்கையைப் படம் நேராக எடுத்துக்கொண்டது.

6. தினத்தொடரின் நெருக்கடி

வாரத் தொடர்களின் காலம் போய்த் தினத்தொடர்களின் காலம் வந்தபோது அமானுஷ்யத்தின் வேலை மாறியது. இந்தியில் 2015-இல் தொடங்கிய 'நாகின்', தமிழில் 'நாகினி' என்ற பெயரில் மொழிமாற்றமாக வந்தது. பாம்புப் பெண் தன் பெற்றோரைக் கொன்றவர்களின் வீட்டுக்கு மருமகளாக நுழைகிறாள். நீலி செய்த அதே தந்திரம்: எதிரியை அழிக்க உறவுமுறையைக் கையில் எடுப்பது. பழிவாங்க வந்தவள் கணவனை நேசிக்கத் தொடங்கும்போது சிக்கல் முற்றுகிறது. 2017-இல் சுந்தர் சி-யின் கதையில் சன் தொலைக்காட்சியில் வந்த 'நந்தினி' பாம்பு, ஆவி, குடும்பம் மூன்றையும் ஒன்றாகப் பிணைத்தது.

தொடக்கம் வலுவாகவே இருந்தது. ஆனால் நூற்றுக்கணக்கான பகுதிகள் நாள்தோறும் ஓட வேண்டிய கட்டாயம் உறவுகளைக் கிழித்துவிடுகிறது. ஒரு பழியைத் தீர்த்தால் கதை முடிந்துவிடும். ஆகவே தீர்க்காமல் புதுப் பழிகளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆவி வழக்கமான மாமியார், நாத்தனார் சண்டையில் இன்னொரு தரப்பாக நின்றுவிடுகிறது. நீலியின் கதை ஒரே இரவில் முடிந்ததால்தான் அதன் கனம் இன்றும் குறையவில்லை.

பகுதிகளின் எண்ணிக்கையைக் குறைத்த இணையத் தொடர்கள் அந்தக் கனத்தை ஓரளவு மீட்டன. புஷ்கர்–காயத்ரி உருவாக்கி 2022 ஜூனில் அமேசான் பிரைமில் வெளியான 'சுழல்' எட்டுப் பகுதிகள் கொண்டது. முதல் நான்கைப் பிரம்மாவும் அடுத்த நான்கை அனுசரணும் இயக்கினார்கள். சாம்பலூர் என்ற கற்பனை மலையூரில் தொழிற்சாலை எரிகிறது. அதே சமயம் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் (பார்த்திபன்) இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். ஊரில் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை நடந்துகொண்டிருக்கிறது. சண்முகம் கடவுள் மறுப்பாளர், மனைவி பக்தை. மூத்த மகள் நந்தினி (ஐஸ்வர்யா ராஜேஷ்), காவல் ஆய்வாளர் ரெஜினா (ஸ்ரேயா ரெட்டி), உதவி ஆய்வாளர் சக்கரை (கதிர்) என்று ஒவ்வொருவரும் மற்றவருக்கு ஏதோ ஒரு கடன்பட்டவர்கள்.

இதில் பேய் கிடையாது. ஆனாலும் அமானுஷ்யத் தொடரின் மரபில் வைத்தே இதைப் படிக்க வேண்டும். பிரமனின் தலை சிவனின் கையில் ஒட்டிக்கொண்டு, கொடுக்கும் சோற்றையெல்லாம் அது தின்றுவிட, அங்காளம்மன் சோற்றைத் தரையில் வீசித் தலையை இறங்கவைத்து மிதிக்கிறாள் என்பது மயானக் கொள்ளையின் பின்னுள்ள கதை. ஒட்டிக்கொண்டு உயிரைத் தின்னும் ஒன்றிலிருந்து ஒருவரை மீட்கும் சடங்கு அது. தொடரில் அப்படி ஒட்டிக்கொண்டிருப்பது, வீட்டுக்குள் தாராளமாக வந்துபோகும் நெருங்கிய உறவினர் குழந்தைகளிடம் நடத்திய பாலியல் வன்முறை. இறுதியில் நந்தினி திருவிழாக் கூட்டத்தின் நடுவே அவனைக் கொல்கிறாள்.

நீலிக் கதையில் பேய், அப்பா என்ற சொல்லை ஆயுதமாக்கியது. இங்கே மனிதனே உறவுமுறையைப் போர்த்திக்கொண்டு பேயின் வேலையைச் செய்கிறான். தந்தையின் பகுத்தறிவும் தாயின் பக்தியும் இரண்டுமே பிள்ளைகளைக் காக்கவில்லை என்பது இத்தொடர் வைக்கும் கடுமையான குற்றச்சாட்டு. 'விடாது கருப்பு' ஊரின் மௌனத்தைக் காட்டியது, 'சுழல்' வீட்டின் மௌனத்தைக் காட்டியது.

7. முறைச்சொல் இல்லாத ஒருவர்

இதுவரை பார்த்த பாத்திரங்கள் எல்லாம் சோதனையில் தேறின. தேறாத ஒருவர் இருக்கிறார். மலையிலிருந்து வரும் மந்திரவாதி.

தமிழ்த் திரையிலும் தொடர்களிலும் இவரை எல்லோருக்கும் தெரியும். கழுத்தில் எலும்பு மாலை, கையில் மண்டையோடு, சுற்றிலும் காடு, நெருப்பு, உரத்த சிரிப்பு. வில்லன் பணம் கொடுத்து இவரை ஏவுகிறான். இவர் செய்வினை வைக்கிறார், பிறகு தோற்கிறார் அல்லது சாகிறார். இவருக்கு மனைவி இல்லை, அக்கா தங்கை இல்லை, பசி இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. இவரை யாரும் அண்ணா என்றோ மாமா என்றோ அழைப்பதில்லை. பாம்புக்குக் கூடத் தாய் தகப்பன் கொடுத்த கதாசிரியர்கள் இந்த மனிதருக்கு ஒரு சொந்தம் கொடுக்கவில்லை.

மலையிலிருந்து மந்திரம் வரும் என்ற எண்ணம் பழையது. அழகர் கோயிலின் பதினெட்டாம்படிக் கருப்பைப் பற்றி வழங்கும் கதையை எடுத்துக்கொள்ளலாம். அழகரின் ஆற்றலைக் கவர்ந்து செல்ல மலையாள நாட்டிலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் வந்தார்கள், பிடிபட்டுக் கொல்லப்பட்டு பதினெட்டுப் படிகளுக்கு அடியில் புதைக்கப்பட்டார்கள், அவர்களோடு வந்த கருப்பு அங்கேயே காவலாக நின்றுவிட்டது என்கிறது அக்கதை. இக்கோயிலை விரிவாக ஆராய்ந்த தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' இத்தகைய நாட்டார் வழக்குகளின் சமூகப் பொருளைப் பேசுகிறது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் புறப்படும்போது அவர் அணிந்து செல்லும் நகைகளின் கணக்கு கருப்பின் முன் சொல்லப்படும் என்பது மரபு. திருட வந்த கூட்டத்தோடு வந்தவரிடமே பெருமாளின் நகைக்குக் கணக்கு ஒப்பிக்கிறார்கள். வெளியாள் உறவுக்குள் வந்து, நம்பிக்கைக்கு உரியவராக மாறிய கதை இது. அதே கதையில் உறவுக்குள் வராத பதினெட்டுப் பேரும் படிகளுக்கு அடியில்தான் கிடக்கிறார்கள்.

நீலகிரியில் இந்தப் படிமத்துக்கு ரத்தம் தோய்ந்த வரலாறு உண்டு. குறும்பர்கள் மந்திரம் தெரிந்தவர்கள் என்று அண்டைச் சமூகங்கள் அஞ்சின. ஊரில் நோய் பரவினாலும் கால்நடை செத்தாலும் பழி குறும்பர் மேல் விழுந்தது. 1835-இல் நாற்பத்தெட்டுக் குறும்பர்கள் கொல்லப்பட்டதாகவும், 1875, 1882 ஆண்டுகளிலும் கொலைகள் நடந்ததாகவும், 1900-இல் வைத்தியம் தெரிந்த ஒருவரின் குடும்பமே அழிக்கப்பட்டதாகவும் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் பதிவாகியிருக்கிறது. மந்திரவாதி என்ற சொல் இந்த மலையில் உயிர்களை வாங்கியிருக்கிறது.

ஆனால் அதே பதிவுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. அண்டைச் சமூகமான படகரின் ஊர்களுக்கென்று காவல் குறும்பர் இருந்தார். விதைப்பைத் தொடங்கிவைக்கும் சடங்கு அவருடையது. அதற்கு ஈடாகத் தானியம் அவருக்குப் போனது. தேனும் மூங்கில் பொருள்களும் காட்டிலிருந்து ஊருக்கு வந்தன. ஊரைத் தீமையிலிருந்து காப்பவரும் அவரே, தீமை வந்தால் சந்தேகத்துக்கு உள்ளாகிறவரும் அவரே. இவர் கை தொட்டு விதைத்த வயலில் விளைந்ததைத் தின்கிற ஊர், ஓர் இரவில் இவர் குடிசைக்குத் தீ வைக்கவும் கூடும். நம்பிக்கையும் அச்சமும் கொடுக்கல் வாங்கலும் சேர்ந்து பின்னிய இந்த உறவைவிடச் சிக்கலான பாத்திர உறவை எந்தத் தொடர் எழுதியிருக்கிறது? மலை மந்திரவாதி என்ற வார்ப்பில் இது எதுவும் இல்லை. பயம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

8. இரண்டு மறுப்புகள்

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் எழலாம். முதலாவது: பொழுதுபோக்குத் தொடரில் துணைப் பாத்திரம் ஒன்றுக்கு இவ்வளவு பொருள் ஏற்ற வேண்டுமா? கதைக்கு ஒரு கருவி தேவை, மந்திரவாதி அந்தக் கருவி. இந்த வாதத்தில் நடைமுறை நியாயம் உண்டு. எல்லாத் துணைப் பாத்திரத்துக்கும் குடும்பக் கதை சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் வீட்டு வேலைக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் ஒரு வரியிலாவது பிள்ளை குட்டிகளைச் சொல்லிவிடும் தொடர்கள், மலையிலிருந்து வருபவருக்கு மட்டும் அந்த ஒரு வரியையும் தருவதில்லை. ஒரு முறை நேர்ந்தால் அது தற்செயல். பல்லாண்டுகளாகத் தொடர்ந்தால் அது வழக்கம்.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. மந்திரவாதிக்குக் குடும்பமும் நியாயமும் கொடுத்தால் மந்திரத்தையே நியாயப்படுத்தியதாகாதா, மூடநம்பிக்கைக்கு மனித முகம் கொடுத்ததாகாதா? 'விடாது கருப்பு' இதற்கு விடை சொல்லியிருக்கிறது. அத்தொடர் கருப்பை ஒரு வீட்டுப் பிள்ளையாகக் காட்டியது. அதனால் பக்தி கூடியதைவிட, ஊரின் பொறுப்பின்மை மேல் வெளிச்சம் விழுந்ததே அதிகம். உறவு கொடுத்தால் பாத்திரம் மனிதராகும். மனிதரான பிறகுதான் அவரைக் கேள்வி கேட்கவும் முடியும். நீலகிரியில் நடந்த கொலைகள், குறும்பர்களை மனிதராகக் கருதியதால் நடந்தவையல்ல. மனித உறவிலிருந்து அவர்களை வெளியே தள்ளி, வெறும் சக்தியாகக் கருதிய கணங்களில் நடந்தவை.

9. ஓவேலியில் எழுதப்படாத தொடர்

ஓவேலி இன்னும் தீராத வழக்குகளின் ஊர். 1969-இன் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் சிக்கிய நிலங்களில் குடியிருப்போர் பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்து வருகிறார்கள். மண்ணெண்ணெய் விளக்கில் படித்து வளர்ந்தவர்களின் வீடுகளுக்கு அமானுஷ்யத் தொடர்கள் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தன. அதற்கு முன்பே இந்த வட்டாரத்தில் கதைகள் இருந்தன. கடல் கடந்து போய்த் திரும்பிய சாமிகளும், காட்டில் இருப்போரின் முன்னோர் வழிபாடும், நிலம் யாருடையது என்று தெரியாத பயமும் இங்கே அக்கம்பக்கத்தில் வாழ்கின்றன. ஒரே பாதையில் முனியாண்டி கல்லும் பழங்குடிகளின் வழிபாட்டிடமும் தேவாலயமும் பள்ளிவாசலும் வந்துவிடும். உறவுச் சிக்கல் நிறைந்த அமானுஷ்யக் கதைக்கு இதைவிட வளமான களம் தமிழகத்தில் அரிது. ஆனால் திரைக்கு நீலகிரி பெரும்பாலும் மூடுபனியும் வளைவுச் சாலையும் தனி பங்களாவும்தான்.

ஆகவே இக்கட்டுரையின் கணிப்பு இது. தமிழ் அமானுஷ்யத் தொடர்களில் நின்றவை, அமானுஷ்யத்தை உறவுக்குள் வைத்து எழுதப்பட்டவையே. கருப்பும் தாத்தாவின் ஆவியும் நீலியின் வழி வந்த நாகினியும் முறை சொல்லி அழைக்கப்பட்டதால் பார்ப்பவர் மனத்தில் தங்கினார்கள். அந்த உரிமையை மலைவாழ் மக்களின் சாயல் கொண்ட பாத்திரங்களுக்கு மட்டும் மறுத்தது இந்த மரபின் பெருங்குறை. கொலைகள் வரை போன ஒரு பழைய பழிச்சொல்லை, தெரிந்தோ தெரியாமலோ அது இன்னும் ஒளிபரப்பிக்கொண்டிருக்கிறது.

கதை எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தொடரில் மலையிலிருந்து ஒரு மந்திரவாதி இறங்கி வருவாரானால், அவருக்கு ஒரு பெயர் வையுங்கள். அவர் யார் வயலில் விதை தூவினார், அதற்கு எவ்வளவு தானியம் வாங்கினார் என்று விசாரியுங்கள். அவரை அண்ணா என்றோ மாமா என்றோ வாய் நிறையக் கூப்பிட ஒரு பாத்திரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.